யாழ்நூலும் தச்சன் கையும்

சங்க இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் யாழைப் பற்றிப் பேசாது அகலுதல் இயலாது. பேரியாழுக்கு நரம்பு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என எண்ணிச் சொல்கிறோம். பத்தர், போர்வை, ஆணி, வறுவாய், மருப்பு, திவவு என உறுப்புகளின் பெயர்களை அடுக்குகிறோம். மாணவர் அவற்றை மனப்பாடம் செய்து ஒப்பிக்கின்றனர். நாமும் மதிப்பெண் இடுகிறோம். ஆனால் இப்பெயர்களுக்கு உரிய பொருள்கள் எவ்வாறு தொழிற்பட்டன என்று கேட்டால் நம்முள் பலர் விடையின்றி நிற்போம்.

இடைநிலைப் பள்ளி மாணவர் சிலர்க்கு மாலையில் இலக்கியம் சொல்லித் தருகையில் எனக்கும் அந்நிலை நேர்ந்தது. கித்தார் வாசிக்கப் பழகிய ஒரு மாணவன், "ஐயா, கித்தாரில் தந்தியை ஏற்றி இறக்க முறுக்காணி இருக்கிறது. யாழில் எதை முறுக்குவது?" என்றான். "திவவு" என்றேன். "திவவு எப்படி முறுக்கும்?" என்று அடுத்த வினாவைத் தொடுத்தான். அகராதியில் உள்ளபடி, "யாழின் கோட்டில் நரம்பைக் கட்டும் வார்க்கட்டு" என்றேன். அவன் தலையசைத்தான்; ஆனால் அவனுக்கு விளங்கவில்லை என்பதும், எனக்கே அது விளங்கவில்லை என்பதும் அப்பொழுது தெரிந்தன.

இவ்வினாவை முன்வைத்து, யாழைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள தலையாய ஆராய்ச்சி நூலையும், இக்காலத்தில் செய்யப்பெற்று வரும் யாழ்களையும் எவ்வாறு மதிப்பிடுதல் வேண்டும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

யாழ்நூலின் பெருமையும் எல்லையும்

விபுலானந்த அடிகள் (1892–1947) மட்டக்களப்பைச் சார்ந்த காரைதீவில் பிறந்தவர். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றவர். இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டத்தை 1920-இல் எய்தியவர். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தார். அறிவியலும் தமிழும் ஒருவரிடத்தே சேர்ந்தமையால்தான் யாழ்நூல் பிறந்தது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட அந்நூல் 1947 சூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19-ஆம் நாள் அடிகள் மறைந்தார்.

அந்நூலில் பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என ஏழு இயல்கள் உள்ளன. குரலுக்கு 4, துத்தத்துக்கு 4, கைக்கிளைக்கு 3, உழைக்கு 2, இளிக்கு 4, விளரிக்கு 3, தாரத்துக்கு 2 ஆக 22 அலகு என்னும் பழைய வாய்பாட்டை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நரம்பின் ஒலிக்கும் கணக்கு வகுத்துக் காட்டுகிறார் அடிகள். சிலப்பதிகார உரைகளில் புதிர்போற் கிடந்த செய்திகள் பல அவரால் தெளிவு பெற்றன. வீணை வேறு, யாழ் வேறு என்பதையும், யாழ் வில்வடிவினின்று வளர்ந்த கருவி என்பதையும் அவர் நிறுவியமை தமிழிசை வரலாற்றுக்குச் செய்த பெருந்தொண்டாகும்.

ஆயினும் ஒன்று கூறுதல் வேண்டும். ஏழு இயல்களுள் கருவியின் உடலைப் பற்றியது யாழுறுப்பியல் ஒன்றே. ஏனையவை பெரும்பாலும் நரம்பும் பண்ணும் பற்றியன. எனவே யாழ்நூலைக் கையில் வைத்திருப்பவன், செய்து முடிந்த யாழுக்குச் சுருதி சேர்க்க வல்லவன் ஆவான். அந்நூலொன்றையே துணையாகக் கொண்டு யாழ் செய்ய வல்லவன் ஆகான். பத்தரின் சுவரை எவ்வளவு மெலிதாக்குவது, தோலை எந்த ஈரத்தில் இழுத்துப் பொருத்துவது, கோடு வளையுங்கால் எங்கே முறியும் என்பன ஏட்டிற் கிடைக்கும் செய்திகள் அல்ல.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஒரே பருமனும் ஒரே இழுவையும் உடைய நரம்பை நீளத்தில் பாதியாக்கினால் ஒலி ஒரு தானம் உயரும். 21 நரம்புகளை மூன்று தானங்களுக்கும் உரியனவாகக் கொண்டு, நீளத்தை மட்டுமே மாற்றிக் கட்டினால், மிக நெடிய நரம்பு மிகக் குறுகிய நரம்பைப் போல் ஏழு மடங்குக்கு மேல் நீளும். குறுகியது ஒரு சாண் என்றால் நெடியது ஏழு சாணைத் தாண்டும். பருமனையும் இழுவையையும் வேறுபடுத்தி இந்நீளத்தைக் குறைக்கலாம். எவ்வளவு குறைக்கலாம் என்பதை அந்தத் தோலும் அந்த மரமும் தாங்கும் வலிமையே முடிவு செய்யும். கணக்கு நிற்கும் இடத்தில் தச்சன் கை தொடங்குகிறது.

அடிகள் இதனை உணராதவர் அல்லர். ஏட்டுக் கணக்கோடு அமையாது, அக்கணக்கின்படி யாழ்களைச் செய்வித்து அரங்கேற்ற அவைக்குக் கொண்டுவரச் செய்தார். குறை அவரைப் பின்பற்றிய நம்மிடத்தே உள்ளது. நாம் அவர் நூலைப் போற்றினோம். அவர் தொடங்கிய வேலையைப் பெரும்பாலும் விட்டுவிட்டோம்.

பொருநராற்றுப்படையின் வரிசை

நிற்க. யாழ் செய்யும் முறையை நம் பழம்பாட்டு எங்கும் கூறவில்லையா எனின், கூறியுள்ளது. நாம்தான் அதனை உவமை நயத்துக்காக மட்டும் படித்துச் செல்கிறோம்.

முடத்தாமக்கண்ணியார் கரிகாற் சோழனைப் பாடிய பொருநராற்றுப்படையின் தொடக்கத்தில் யாழ் வருணனை ஒன்று உண்டு. மானின் குளம்பு அழுந்திய சுவடுபோல் இருபுறம் தாழ்ந்து நடு உயர்ந்த பத்தர் முதலில் வருகிறது. அதன்மேல் விளக்குச் சுடரின் நிறமுடைய தோற்போர்வை. அப்போர்வையின் பொருத்து, பிறர் அறியாத இளஞ்சூல் கொண்ட சிவந்த பெண்ணின் வயிற்றில் மெல்லிய மயிர் ஒழுகியது போன்றது. பின்னர், துளைகளை அடைத்து நண்டின் கண்கள் போல் தோன்றும் ஆணிகள். எட்டாம் நாள் திங்கள் போன்ற, உள்நாக்கு இல்லாத வாய். தலை தூக்கிய பாம்பு போன்ற கரிய கோடு. மாநிறப் பெண்ணின் முன்கை வளையல் போன்ற திவவு. இறுதியாக, குற்றித் தீட்டிய தினையரிசி போல் குறை நீங்கிய நரம்பு. எல்லாம் அமைந்தபின் யாழ் முழுவதும் ஒப்பனை செய்த மணமகள் போல் விளங்குகிறது.

இவ்வரிசையை நோக்குக. யாழைக் காண்பவன் கண்ணுக்கு முதலில் படுவன நெடிய கோடும் நரம்புகளும் ஆகும். வாசிப்பவன் கைக்கு முதலில் படுவது நரம்பு. பாட்டோ பத்தரில் தொடங்கி நரம்பில் முடிகிறது. குடைதல், போர்த்தல், ஆணி அடித்தல், கோடு பொருத்தல், கட்டுதல், நரம்பு ஏற்றல் என்பது செய்வோனின் வரிசை. ஆற்றுப்படைப் புலவர் யாழ் செய்யுமிடத்தில் நின்று பார்த்தவர் என்றே நான் கருதுகிறேன். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையிலும் ஏறத்தாழ இம்முறையே காணப்படுகிறது. அங்கே திவவு கோட்டுக்கு முன் வைக்கப்பட்டுள்ளது. ஆகவே என் கருத்தை முடிந்த முடிபாகக் கூறவில்லை. ஆனால் உடலில் தொடங்கி நரம்பில் முடியும் போக்கு இரண்டிற்கும் பொது.

இளஞ்சூல் என்னும் உவமையையும் கருதுக. முற்றிய சூல் என்று புலவர் கூறவில்லை. பிறர் காண இயலாத அளவு சிறிதே எழுந்த வயிறு என்கிறார். உவமையின் அழகு கருதி இதனைப் பாராட்டுவது எளிது. ஓர் இசைக்கருவியின் முகத்தில் எழுச்சி எவ்வளவு இருத்தல் வேண்டும் என்பதை அளந்து சொன்ன சொல் இது என்பதைக் கருவி செய்வோனே உணர்வான்.

குவிமுகக் கித்தார் தரும் பாடம்

இவ்வெழுச்சியின் பயனை அறிய, மேனாட்டார் கையாற் செதுக்கும் ஒரு கருவியை நோக்குவோம். 'ஆர்ச்டாப்' எனப்படும் குவிமுகக் கித்தாரே அது. சாதாரணக் கித்தாரின் முகம் தட்டையான மெல்லிய பலகை. குவிமுகக் கித்தாரின் முகமோ, தடித்த ஸ்புரூஸ் மரப்பலகையை உளியாலும் சிற்றிழைப்புளியாலும் செதுக்கி, வயலின் முகம்போல் நடு எழும்படி ஆக்கியது. அமெரிக்காவில் ஆர்வில் கிப்சன் என்பார் செதுக்கு முகமுடைய மாண்டலினுக்கு 1898-இல் காப்புரிமை பெற்றார். 1922-இல் லாய்டு லோர் என்பார் காலத்தில் 'எல்-5' என்னும் கித்தார் வெளிவந்தது; வட்டத் துளைக்கு மாறாக வயலினைப் போன்ற இரு நெடுந்துளைகள் அதன் முகத்தில் அமைந்தன.

இக்கித்தாரில் ஆறு உருக்குத் தந்திகளின் இழுவை ஏறத்தாழ 70 கிலோ எடைக்கு நிகராகும். தந்திகள் குதிரையின்மேல் வளைந்து செல்வதால் அவ்விழுவையின் ஒரு பகுதி முகத்தைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. தட்டைப் பலகை அவ்வழுத்தத்துக்குப் பள்ளமாகிவிடும். குவிந்த முகம், கோயில் வளைவு சுமை தாங்குவது போல் தாங்குகிறது. சுமார் 40 செ.மீ. அகல முகத்தில் எழுச்சி 2 செ.மீ. அளவே. இதுவும் இளஞ்சூல்தான். கனம் நடுவில் ஏறத்தாழ 6 மி.மீ., ஓரத்தையொட்டி 3 மி.மீ. அளவுக்குச் செதுக்குவர்.

நியூயார்க்கில் ஜான் டி'ஏஞ்சலிகோ (1905–1964) சிறு கடையொன்றில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கித்தார்களைச் செய்தார். அவரிடம் தொழில் பழகிய ஜேம்ஸ் டி'அகிஸ்டோ (1935–1995) அதனைத் தொடர்ந்தார். ராபர்ட் பெனடெட்டோ என்பார் இத்தொழிலை விளக்கி 1994-இல் ஒரு நூலே எழுதினார். அது போன்ற நூல்களின் துணையால், வேறு தொழில் செய்வோரும் ஓய்வு நேரத்தில் இக்கருவியைச் செய்து பார்க்கின்றனர். ஆனால் நூல் அளவைப் பின்பற்றிச் செதுக்கியவன் இறுதியில் பலகையை விரலால் தட்டி ஒலி கேட்டும், கையால் வளைத்துப் பார்த்துமே உளியைக் கீழே வைக்கிறான். ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகளும் ஒரே விறைப்பு உடையன அல்ல. நூல் அவனை வாயிலுக்குக் கொண்டு செல்லும். உள்ளே புகுவது காதும் கையுமே.

இவ்வொப்புமையை மிகைப்படுத்தலும் ஆகாது. குவிமுகக் கித்தாரில் தந்தி முகத்தை அழுத்துகிறது. யாழில் நரம்பு தோலை மேலே இழுக்கிறது. விசை எதிர்த்திசையில் செல்வதால்தான் யாழின் போர்வைக்கு நண்டுக்கண் போன்ற ஆணிகள் வேண்டியிருந்தன. ஆணியின்றேல் தோல் விளிம்பினின்று பெயர்ந்துவிடும். புலவர் ஆணியை மறவாது பாடியதன் காரணம் இப்பொழுது விளங்கும்.

திவவு என்னும் புதிர்

இனி மாணவன் கேட்ட வினாவுக்கு வருவோம். நம் நாட்டின் வடக்கே, தாய்லாந்தை அடுத்துள்ள மியன்மாரில் 'சவுங் கவுக்' எனப்படும் வில்வடிவ யாழ் இன்றும் இசைக்கப்படுகிறது. படகு போன்று குடைந்த மரவுடல், அதன்மேல் இழுத்துச் செந்நிறம் ஏற்றிய மான்தோல், தோலின் நடுவே நரம்புகளைத் தாங்கும் கழி, வளைந்து உயர்ந்த கழுத்து, அக்கழுத்தைச் சுற்றிச் சுற்றிக் கட்டிய சிவந்த நூற்கயிறுகள் ஆகியன அதன் உறுப்புகள். தோலின் நடு அக்கழியால் சிறிது எழுந்து தோன்றும். முறுக்காணி வைத்த புதிய கருவிகளும் உண்டு; பழைய முறையில் அக்கயிற்றுக் கட்டுகளைத் திருகியும் நகர்த்தியுமே சுருதி சேர்ப்பர்.

பொருநராற்றுப்படை கூறும் சுடர்நிறப் போர்வை, நடு உயர்ந்த முகம், வளையல் அடுக்குப் போன்ற திவவு ஆகிய மூன்றும் அங்கே கண்முன் நிற்கின்றன. பெரும்பாணாற்றுப்படை திவவை, நெகிழ்ந்தும் இறுகியும் நிற்கும் வளையலாகக் கூறுகிறது. அசையாத கட்டாயின் நெகிழ்தலும் இறுகலும் எங்ஙனம் பொருந்தும்? சுருதி கூட்டுதற்கு உரிய நகரும் கட்டே திவவு என்பது இதனால் தெற்றென விளங்கும். மியன்மார் யாழ் தமிழகத்தினின்றே சென்றது என்று பெருமை பேச நான் முற்படவில்லை. வில்யாழ் வகை பண்டை இந்தியாவில் பரவியிருந்தது. அமராவதிச் சிற்பங்களிலும் சமுத்திரகுப்தனின் பொற்காசிலும் அதனைக் காணலாம். மத்திய இந்தியாவில் பர்தான் மக்களிடம் 'பின் பாஜா' என்னும் பெயரில் அவ்வகைக் கருவி அண்மைக்காலம்வரை வழங்கியது. உறவினர் வீட்டில் பிழைத்திருக்கும் பழக்கத்தைக் கொண்டு நம் வீட்டில் மறைந்ததை அறிகிறோம், அவ்வளவே.

செய்த யாழும் ஓர் உரையே

அண்மை ஆண்டுகளில் தமிழகத்தில் யாழ் செய்யும் முயற்சி மீண்டும் தலைதூக்கியுள்ளது. சென்னையில் 'உரு' என்னும் பெயரில் கித்தார் முதலிய கருவிகளைச் செய்துவரும் தருண் சேகர், யாழையும் செய்து இசைத்துக் காட்டியுள்ளார். கித்தார் செய்து பழகிய கை யாழை நாடியது வியப்பன்று. மரத்தின் விறைப்பையும் நரம்பின் இழுவையையும் நாள்தோறும் எடைபோடும் கை அது.

இத்தகைய முயற்சிகளை நம் புலவர் உலகம் இரு வகையில் எதிர்கொள்கிறது. ஒரு சாரார், "பண்டை யாழ் மீண்டது" என்று மாலை சூட்டி அமைகின்றனர். மற்றொரு சாரார், "இலக்கியப் பயிற்சியில்லாத தச்சு வேலை" என்று ஒதுக்குகின்றனர். இரண்டும் தவறு. பாட்டைப் படித்துச் செய்யப்பெறும் ஒவ்வொரு யாழும் அப்பாட்டுக்கு எழுதப்பெற்ற ஓர் உரையாகும். நச்சினார்க்கினியர் சொல்லால் உரை செய்தார். தச்சன் மரத்தால் உரை செய்கிறான். உரையை எவ்வாறு மதிப்பிடுகிறோமோ அவ்வாறே யாழையும் மதிப்பிடுதல் வேண்டும். எந்தச் சொல்லுக்குப் பொருள் கண்டது? எந்தச் சொல்லை விட்டுவிட்டது? எங்கே தன் கருத்தைப் பாட்டின் கருத்தாக ஏற்றிக் கூறியது?

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கின் சில முடிவுகள் கிடைக்கும். முன்புறத்தில் தூண் நிறுத்தி, மேனாட்டுப் பெருயாழ்போல் வரையப்பெறும் படங்கள் விழா மேடைகளில் மலிந்துள்ளன. பாம்பின் தலைபோல் தடையின்றி எழுந்த கோட்டுக்கு அவை முரணான உரைகள். தோலுக்கு மாற்றாகப் பலகை பொருத்தியது நல்ல இசை தரலாம். இளஞ்சூலுக்கும் ஆணிக்கும் அது பொருள் சொல்லாது. திவவை நீக்கி இரும்பு முறுக்காணி வைப்பது வாசிப்போர்க்கு எளிமை. அதனைப் புதுமை என்று சொல்லி வைத்தால் குற்றமில்லை, பழமை என்று சொல்லி வைத்தால் குற்றம். அன்னமும் மயிலும் செதுக்குதல் தச்சன் விருப்பம்; ஆனால் அலங்காரம் உரையாகாது.

தோலைப் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டின் ஈரக்காற்றில் தோல் தளரும். மலாய்க்காரர் தம் 'கொம்பாங்' பறை தளர்ந்தால், தோலுக்கும் சட்டத்துக்கும் இடையே பிரம்பு வளையம் செருகி இறுக்குவர். யாழ்த்தோல் மழைநாளில் எவ்வாறு காக்கப்பெற்றது என்பதை ஆராய விரும்புவோர், ஏட்டைப் புரட்டுமுன் இத்தகைய கைவினைஞரிடம் அமர்ந்து கேட்டல் நன்று.

ஆயன் செய்த யாழ்

யாழ் செய்தல் பெருந்தச்சர்க்கே உரியது என்று நாம் கைகட்டி நிற்க வேண்டுவதில்லை. பெரும்பாணாற்றுப்படையில் ஆயன் ஒருவன் வருகிறான். குழலிசை சலித்தபின், உட்டுளையுடைய குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்து குறிஞ்சிப்பண் வாசிக்கிறான். அவ்வொலியைத் தம் இனத்தின் ஒலி என்று கருதி வண்டுகள் செவி கொடுக்கின்றனவாம். தொழிலாக அன்றி, விருப்பத்தால் கருவி செய்தவனின் படம் நம் இலக்கியத்தில் இத்துணைத் தெளிவாய் உள்ளது.

வினாக் கேட்ட அம்மாணவனும் நானும் அந்த ஆயனையே ஆசிரியனாகக் கொண்டோம். மூங்கிற் பிளாச்சு ஒன்றை வளைத்தோம். மீன்பிடி நைலான் இழையை நாணாகக் கட்டினோம். வில் தனித்து ஒலித்தபோது அருகிலிருந்தவர்க்கும் சரியாகக் கேட்கவில்லை. காலிப் பால்மாவுத் தகரத்தின்மேல் அழுத்தி வைத்தபோது வகுப்பு முழுவதும் கேட்டது. பத்தர் எதற்கு என்பது தெரிந்தது. பின்னர் இழையின் ஒரு முனையை மூங்கிலில் நேரே கட்டாமல், துணிநாடாவால் சுற்றிய வளையத்தில் கட்டினோம். வளையத்தை வில்லின் நுனி நோக்கித் தள்ளினால் ஒலி ஏறியது. கீழே இறக்கினால் ஒலி தாழ்ந்தது. "ஐயா, இதுதான் திவவா?" என்றான். "இது திவவாக இருக்கலாம்" என்றேன். அவ்விடையே நேர்மையானது என்று இன்றும் நினைக்கிறேன்.

அவ்வில்லை யாழ் என்று நான் கூறமாட்டேன். ஆனால் அன்று முதல் அவ்வகுப்பில் திவவு என்பது மனப்பாடச் சொல்லாக இல்லை. விபுலானந்த அடிகள் நமக்கு விட்டுச் சென்றது ஒரு நூல் மட்டுமன்று. ஏட்டில் கண்டதைக் கையில் செய்து காதால் தேரும் முறையையும் விட்டுச் சென்றார். நூலைப் பேழையில் வைத்துப் போற்றுவது எளிது. அம்முறையைப் பின்பற்றுவதே அவர்க்கு நாம் செய்யும் உண்மையான வழிபாடாகும். ஒரு பிளாச்சும் ஓர் இழையும் ஒரு தகரமும் நம் பள்ளிகளில் கிடைக்காத பொருள்கள் அல்லவே.